வீட்டு வைஃபைக்கு எந்தப் பூட்டு? விட்டு விட்டு வரும் நெட்டுக்கு என்ன வைத்தியம்?

புதிதாக ஃபைபர் இணைப்பு எடுத்தவர்களுக்கும், எடுத்த நாளிலிருந்து கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் நெட் படுத்துவிடும். போன் போட்டால் ஒரே பதில்தான்: "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணினால் கொஞ்ச நேரம் நன்றாக வரும், அப்புறம் பழைய கதை. வந்து பார்த்தவர்களில் ஒருவர் ரூட்டரைக் குறை சொன்னார், ஒருவர் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார், இன்னொருவர் வீட்டுச் சுவரைக் குறை சொன்னார். ஒருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

தெருக் கம்பத்திலிருந்து உங்கள் பெட்டி (அதாவது ரூட்டர்) வரை வருவது கம்பி. பெட்டியிலிருந்து போன் வரை போவது காற்று. கோளாறு எந்தப் பாதியில் என்று தெரியும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கம்பியில் கோளாறை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷ் (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பல பெட்டி செட்) வாங்கியவர்கள் நிறையப் பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆன்லைன் வகுப்போ மீட்டிங்கோ யாருக்கும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாடிக்கையாளர் எண், கடைசி பில், பெட்டிக்கு டெபாசிட் கட்டியிருந்தால் அதன் ரசீது, இணைப்பு எடுக்கும்போது பதிவு செய்த மொபைல் எண். வாடகை வீடு என்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் பெயரிலோ முன்பு குடியிருந்தவர் பெயரிலோ இருந்தால், புகார் கொடுக்கும்போது ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் போகும். ஆதாரும் வாடகை ஒப்பந்த நகலும் கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். சீரியல் எண், ரூட்டருக்குள் நுழையும் முகவரி, ஆரம்பக் கடவுச்சொல் எல்லாம் அதில் இருக்கும். பிறகு பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போங்கள். அது திறக்காவிட்டால் 192.168.0.1. உள்ளே போனதும் எதையும் மாற்றாமல், வேன் (WAN) என்ற பக்கத்தில் உள்ளதையெல்லாம் அப்படியே போட்டோ எடுங்கள். பெட்டி நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ (PPPoE) பயனர் பெயர், விலேன் (VLAN) எண் இரண்டும் முக்கியம். பிபிபிஓஇ கடவுச்சொல் திரையில் புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும். அதை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

இங்கேதான் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும். யூடியூபில் யாராவது "பத்து செகண்ட் அமுக்குங்க, எல்லாம் சரியாகிடும்" என்பார்கள். அமுக்கினால் மேலே சொன்ன விவரங்கள் மொத்தமும் அழிந்துபோகும். சில நிறுவனங்களின் பெட்டி தானாகவே விவரங்களை மீண்டும் இறக்கிக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஆள் வரும்வரை நெட்டே கிடையாது. அது வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தால், திங்கள் வரை மொபைல் டேட்டாதான்.

2. முதலில் பூட்டு

விட்டு விட்டு வருவதுதான் பிரச்சினை, பூட்டைப் பற்றி ஏன் முதலில் பேசுகிறான் என்று தோன்றலாம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டால், இதுவரை உங்கள் இணைப்பில் ஓசிச் சவாரி செய்த அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் அளவுகள்தான் நம்பத் தகுந்தவை. சில வீடுகளில் இதோடு நோயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற பக்கத்தில் ஒரு நீளமான பட்டியல் வரும். அதில் எதை எடுப்பது என்று ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 (WPA2, WPA3) என்ற பூட்டு முறைகள் இரண்டும் கலந்த தேர்வு இருந்தால் அது. இல்லையென்றால் டபிள்யூபிஏ2 பெர்சனல், என்கிரிப்ஷன் (தகவலைக் குறியாக்கும் முறை) ஏஇஎஸ். வீட்டில் இருக்கும் எல்லாமே புதிய கருவிகள் என்றால் டபிள்யூபிஏ3 மட்டும் போதும். 2018இல் வந்த முறை அது.

மற்றவற்றை ஏன் தொடக்கூடாது என்றால்: 'ஓப்பன்' என்பது கதவே இல்லாத வீடு. வெப் (WEP) என்ற பழைய பூட்டு 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பழைய பெட்டிகளில் 'டிகேஐபி + ஏஇஎஸ்' என்று ஒரு கலவை முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். இரண்டும் இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். டிகேஐபி பழைய குறியாக்க முறை, அதன் வழியாகச் சேரும் கருவியின் வைஃபை வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு 20, 25தான் வருகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஐபோனில் வைஃபை பெயருக்குக் கீழே பாதுகாப்பு பலவீனம் என்று எச்சரிக்கை வந்தாலும் பெரும்பாலும் காரணம் இதுதான். 'என்டர்பிரைஸ்' என்று இருப்பதற்குத் தனி சர்வர் வேண்டும், அது அலுவலகங்களுக்கு. வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் போனும் சேராது.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். இணைப்பு கொடுக்க வருபவர் பெரும்பாலும் உங்கள் மொபைல் எண்ணையே போட்டுவிட்டுப் போவார். டபிள்யூபிஏ2வில் ஒருவர் உங்கள் போன் வைஃபையில் சேரும் நொடியைப் பதிவு செய்துகொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கேமிங் கம்ப்யூட்டர் இருந்தால் இந்திய மொபைல் எண்கள் அத்தனையையும் ஓரிரு மணி நேரத்தில் முயன்று முடித்துவிடலாம். பெயருடன் 123 சேர்ப்பதும் அதே கதிதான். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, நடுவில் ஒரு எண்ணைச் செருகுங்கள். முருங்கை, தகரம், ஒட்டகம், 47, திண்ணை என்பது மாதிரி. இதையே போட்டுவிடாதீர்கள், உங்களுக்கென்று ஒன்று யோசியுங்கள். பாட்டி கேட்டாலும் வாயால் சொல்லிவிட முடிய வேண்டும், அதுதான் என் அளவுகோல்.

அதே பகுதியில் இன்னும் சில வேலைகள். கடவுச்சொல் அடிக்காமலேயே கருவியைச் சேர்க்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸை (WPS) அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 11,000 முயற்சி போதும் என்று 2011லேயே வெளிவந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் அது பின்வாசல். ரூட்டருக்குள் நுழையும் அட்மின் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருந்தால் அணையுங்கள். நிறுவனம் தன் பெட்டியைப் பராமரிக்க வைத்திருக்கும் டிஆர்-069ஐ மட்டும் தொட வேண்டாம்.

வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் (MAC) முகவரியைப் பார்த்து உள்ளே விடும் மேக் ஃபில்டரும் அப்படித்தான். இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுபவை என்பதால், திருடன் வெளியே நிற்பதற்குப் பதிலாக வீட்டுக்காரரே வெளியே நிற்கும் நிலை வரும்.

ஸ்மார்ட் பல்பு, பழைய பிரின்டர், கேமரா போன்றவை டபிள்யூபிஏ3 கலந்த முறையில் சேர மறுக்கலாம். வைஃபைக்கு உள்ள 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில், பல 2.4இல் மட்டும்தான் வேலை செய்யும். அவற்றுக்காக மொத்த வீட்டின் பூட்டையும் பலவீனமாக்க வேண்டாம். கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை 2.4இல் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸோடு திறந்து அவற்றை அங்கே தள்ளுங்கள். விருந்தாளிகளுக்கும் அதையே கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பையன் படிக்கத்தானே கேட்கிறான் என்று கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அந்த இணைப்பில் என்ன நடந்தாலும் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டில்தான்.

3. கம்பியா, காற்றா: இதைக் கண்டுபிடியுங்கள்

ஒரு லேன் கேபிளை வாங்கி லேப்டாப்பை நேராகப் பெட்டியில் செருகுங்கள். இரண்டு மீட்டர் கேபிள் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் நன்றாக வந்து போனில் மட்டும் திணறினால் காற்றுப் பக்கம். கேபிளிலும் அறுந்தால் கம்பிப் பக்கம்.

விட்டு விட்டு வருவதைப் பிடிக்க வேகச் சோதனை மட்டும் போதாது. விண்டோஸில் கமாண்ட் திரையை இரண்டாகத் திறந்து, இரண்டிலும் பிங் கட்டளையை நிற்காமல் ஓடும்படி விடுங்கள். ஒன்றில் ping -t என்று அடித்து ரூட்டரின் முகவரி, மற்றதில் ping -t 8.8.8.8 (வெளியே இருக்கும் கூகுள் சர்வர் அது). இதை வைஃபையில் ஓட்ட வேண்டும். நெட் படுக்கும்போது இரண்டு திரையிலும் பதில் நின்றால் கோளாறு உங்கள் காற்றில் (பெட்டியே அணைந்து எழுந்தாலும் இப்படித்தான் தெரியும், அதைப் பிரித்தறியும் வழி அடுத்த பத்தியில்). ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரூட்டருக்கு வெளியே, கம்பியிலோ நிறுவனத்திடமோ. அந்த நிமிடமே மணி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகாருக்கு உதவும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, இணையதளங்கள் மட்டும் திறக்க மறுத்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில். ரூட்டரின் டிஎன்எஸ் பகுதியில் 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள்.

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அப்டைம் என்று ஓர் எண் இருக்கும். பெட்டி எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்ற கணக்கு அது. நெட் போய் வந்ததும் அதைப் பாருங்கள். நிமிடக் கணக்கில் இருந்தால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது, கரன்ட் அல்லது அடாப்டர் கோளாறு. நாள்கணக்கில் இருந்து, பிபிபிஓஇ இணைப்பின் நேரம் மட்டும் குறைவாக இருந்தால் லைன் கோளாறு. வருகிறவர்கள் யாரும் பார்க்காத இடம் இது.

இன்னொரு சந்தேகம்: கேபிளில் வேகம் சரியாக 94 எம்பிபிஎஸ் பக்கம் வந்து முட்டி நிற்கிறதா? பெட்டியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது கேபிளில் எட்டுக் கம்பிக்குப் பதில் நான்குதான் வேலை செய்கிறது. போர்ட் சிறியது என்றால் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறியும் கேபிளில் பலன் இருக்காது. பிளான் மாற்றச் சொல்பவரிடம் போர்ட் கிகாபிட்டா என்று கேளுங்கள்.

4. கம்பிப் பக்கம் என்றால்

ஃபைபரில் தகவல் ஒளியாகத்தான் வருகிறது. பெட்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதால் ஒன்றும் ஆகாது, உடனே புகார் போடுங்கள். பான் (PON) விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் பக்கத்தோடு கைகுலுக்க முடியவில்லை.

விட்டு விட்டு வரும்போது இரண்டும் சரியாகவே இருக்கும். அப்போது பார்க்க வேண்டியது ரூட்டரின் ஆப்டிகல் என்ற பக்கத்தில் உள்ள ஆர்எக்ஸ் பவர் (Rx), அதாவது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸ் எண்ணாக இருக்கும், மைனசுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று பொருள். −15 முதல் −25 டிபிஎம் வரை நிம்மதி. வழக்கமான ஜிபான் (GPON) ஃபைபர் பெட்டிகள் −27 வரைதான் தாங்கும். −26, −27இல் ஊசலாடினால் வெயிலில் ஒருவிதம், மழையில் ஒருவிதம் என்றுதான் நடந்துகொள்ளும். காலை, மாலை, இரவு என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள்.

ஒளி குறைய வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கலாம். சுவர்ப் பெட்டியிலிருந்து ரூட்டருக்கு வரும் மஞ்சள் ஃபைபர் கேபிள் (பேட்ச் கார்டு) மேசைக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா? ஜன்னல் கதவு கேபிளை நெரிக்கிறதா? எலி? சுவர்ப் பெட்டியில் கேபிளைச் சின்ன வட்டமாக இறுக்கிச் சுருட்டியிருக்கிறார்களா? உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் தளர்வான வட்டமாக இருக்க வேண்டும். பச்சை முனைக்குப் பச்சை முனைதான் சேர வேண்டும். பச்சைக்கு நீலத்தைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஒளி வீணாகும். புதிய பேட்ச் கார்டு நூறு, இருநூறு ரூபாய். முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால், வருபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "தம்பி, பவர் மீட்டர் வெச்சு இங்க எவ்வளவு, கம்பத்துப் பெட்டியில எவ்வளவுன்னு பாருங்க." இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் உள்ள ட்ராப் கேபிளை மாற்ற வேண்டும். எங்களுக்கு நோய் அங்கேதான் இருந்தது. பல ஊர்களில் ஃபைபர் வேலையையும் பார்ப்பது லோக்கல் கேபிள் டிவிக்காரர்தான். கால்சென்டரைவிட அவர் எண் உங்கள் போனில் இருப்பது பத்து மடங்கு பயன்.

அடாப்டரையும் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று வருட வெயிலில் அது பலவீனமாகி, எல்லோரும் சேர்ந்து வைஃபையைப் பயன்படுத்தும் மாலை நேரத்தில் பெட்டியை ரீஸ்டார்ட் ஆக்கும். மாற்றும்போது வோல்ட் அச்சாக அதே அளவு இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. விலை இருநூறு முதல் நானூறு. கரன்ட் கட் அடிக்கடி என்றால் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. இடி இடிக்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

5. காற்றுப் பக்கம் என்றால்

பெட்டி எங்கே இருக்கிறது? கேபிள் நுழையும் ஜன்னலோரம், டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள். முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நிலை. வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி நடுவில் இருக்கக் கூடாது. புதிதாக இணைப்பு எடுப்பவர்கள் ஆள் வரும் அன்றே கேபிளை நடு அறை வரை இழுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அது ஐந்து நிமிட வேலை, அப்புறம் கேட்டால் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு.

அடுத்து சேனல், அதாவது அலைவரிசைக்குள் உங்கள் வைஃபை ஓடும் தடம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலையில் படுப்பதற்கு இது முக்கியக் காரணம். வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, கூட்டமான மாலை நேரத்தில் பாருங்கள். காலையில் பார்த்துப் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 3, 4 என்று இடைப்பட்ட எண்ணைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்கள் மேல் விழும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை, அகலம் 80. நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்குபோடும் சேனல்கள். ரேடார் தென்பட்டதாக ரூட்டர் நினைத்தால் திடீரென வேறு சேனலுக்குத் தாவும், உங்களுக்கு நெட் போய் வரும்.

5 வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானது, தூரம் போகும். டிவி, லேப்டாப் ஐந்திலும், மொட்டை மாடி கேமரா 2.4இலும் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் எது எதில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

செயலியில் −67 டிபிஎம்முக்கு மேல், அதாவது −60, −50 என்று காட்டும் இடத்தில் வீடியோ கால் நன்றாக இருக்கும். −75ஐவிடக் கீழே, −80 என்று போனால் அந்த அறைக்கு இன்னொரு பெட்டி வேண்டும். மலிவான ரிப்பீட்டர் வேண்டாம், அதே காற்றில் வாங்கி அதே காற்றில் அனுப்புவதால் வேகம் பாதியாகும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர் இருந்தால் லேன் கேபிள் இழுத்து அக்சஸ் பாயின்ட்டாக (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக) மாற்றலாம். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை (DHCP) அதில் அணைத்து, லேனிலிருந்து லேனுக்கு இணைக்க வேண்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வீடு முழுக்கக் குழப்பம். கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்கு மட்டும் மெஷ், இரண்டு பெட்டி ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை.

கம்பியும் காற்றும் நன்றாக இருந்தும் வீடியோ கால் மட்டும் திக்கித் திக்கி வருகிறதா? யாருடைய போனாவது அப்போது போட்டோக்களை மேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும், அல்லது கேமரா. அப்லோட் நிரம்பினால் மற்ற எல்லாமே வரிசையில் நிற்கும். பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள்.

6. புகார் கொடுக்கும் முறை

"நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி முடித்துவிடுவார்கள். "லேன் கேபிளில் சோதித்தேன், ஆர்எக்ஸ் −27, நேற்று 7.40க்கும் 8.15க்கும் அறுந்தது" என்று சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஆள் வராமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தால், அன்றே போன் செய்து அதே எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் திறக்கச் சொல்லுங்கள்.

அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. எல்லா நிறுவனமும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், முகவரி அவர்கள் இணையதளத்தில் இருக்கும். கட்டணம் கிடையாது. நிறுவனம் புகாரைத் தீர்க்க வேண்டிய கெடு முடிந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும், 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே மத்திய அரசின் சிபிகிராம்ஸ் (CPGRAMS) குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்வதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்காதீர்கள். பணம் தொடர்பான சண்டைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. பணம் கட்டும்போது

விளம்பரத்தில் 499 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589. 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோட் திரையில் நொடிக்கு 12.5 எம்பிதான் காட்டும், அது ஏமாற்று அல்ல: எம்பிபிஎஸ் பிட் கணக்கு, எம்பி பைட் கணக்கு, ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எல்லையில்லை என்ற பிளானிலும் மாதம் இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் அதைப் பாருங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். உங்கள் தெருவில் லைன் எப்படி என்று தெரியும்வரை மாதாமாதம் கட்டுங்கள். குறைந்தது ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையாவது தாண்டட்டும். இணைப்பைத் துண்டிக்கும்போது பெட்டியையும் அடாப்டரையும் ஒப்படைத்து, சீரியல் எண் போட்ட ரசீது வாங்குங்கள். வந்து எடுத்துப் போகும் பையனிடம் ரசீது இல்லையென்றால், அவர் கையில் பெட்டியோடு ஒரு போட்டோ எடுத்து அந்த நிமிடமே நிறுவனத்துக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள்.